ஜிபிஎஸ் கைவிட்டால் செயற்கைக்கோளுக்கு வழிகாட்டப் போவது நட்சத்திரமா? மேல் வளிமண்டலத்தை 'எடை போடும்' விண்மீன் ஒளி - முழு விளக்கம்

2022 பிப்ரவரி 3. அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏவியது. ராக்கெட்டில் கோளாறு இல்லை. செயற்கைக்கோள்களிலும் கோளாறு இல்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் அவற்றில் 38 வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்துபோயின.

காரணம்? காற்று.

ஏவப்பட்ட மறுநாள் பூமியை ஒரு புவி காந்தப் புயல் தாக்கியது. பெரிய புயல்கூட இல்லை, சுமாரானதுதான். அதற்கே மேல் வளிமண்டலம் சூடாகி, உப்பி, மேலே எழும்பிவிட்டது. சுமார் 210 கி.மீ. உயரத்தில் இருந்த செயற்கைக்கோள்கள் முந்தைய ஏவுதல்களைவிட 50 சதவீதம் வரை கூடுதலான காற்று எதிர்ப்பைச் சந்தித்ததாக ஸ்பேஸ்எக்ஸ் தெரிவித்தது. பெரும்பாலானவற்றால் மேலே ஏற முடியவில்லை.

இந்தச் சம்பவம் ஒரு எளிய கேள்வியை முன்னால் வைத்தது. அங்கே மேலே எவ்வளவு காற்று இருக்கிறது? அதை அளப்பது எப்படி?

பதில்களில் ஒன்று கொஞ்சம் ஆச்சரியமானது: நட்சத்திர ஒளியை வைத்து அளக்கலாம். அதே நட்சத்திர ஒளியை வைத்து, ஜிபிஎஸ் உதவியே இல்லாமல் ஒரு செயற்கைக்கோள் தான் இருக்கும் இடத்தையும் கண்டுபிடிக்கலாம். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சிக்கல் உள்ளது. அது என்ன? விரிவாகப் பார்ப்போம்.

விண்வெளியில் காற்று இருக்கிறதா?

'விண்வெளி என்றால் வெற்றிடம்' என்றுதான் பலரும் நினைக்கிறோம். பூமிக்கு அருகே அது முழு உண்மை இல்லை.

வளிமண்டலத்துக்குச் சுவர் போல ஒரு எல்லை கிடையாது. மேலே போகப் போக காற்று மெலிந்துகொண்டே போகும். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில், கடல் மட்டக் காற்றின் அடர்த்தியில் லட்சம் கோடியில் சில பங்குதான் இருக்கும்.

இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் விண்வெளி நிலையம் மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் இந்தத் துளிக் காற்றும் பிரேக் போடும். தள்ளிவிடாமல் அப்படியே விட்டால் விண்வெளி நிலையம் மாதத்துக்கு சுமார் 2 கி.மீ. கீழே இறங்கும். அதனால்தான் அவ்வப்போது இன்ஜினை இயக்கி அதை மேலே தூக்குகிறார்கள்.

இன்னொரு பிரச்னை, இந்தக் காற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளில் மெலியும். சூரியன் கொதிக்கும் ஆண்டுகளில் உப்பும். 400 கி.மீ. உயரத்தில் இந்த ஏற்ற இறக்கம் பத்து மடங்கு அளவுக்குக்கூடப் போகும்.

ஸ்கைலாப் முதல் இன்று வரை: கணக்கு தப்பினால் என்ன ஆகும்?

இந்தக் கணக்கு தப்பியதற்கு வரலாற்றில் பிரபலமான உதாரணம் ஸ்கைலாப். 1973-ல் அமெரிக்கா ஏவிய இந்த விண்வெளி நிலையத்தை, பிறகு விண்வெளி ஓடம் அனுப்பி மேலே தூக்கிவிடலாம் என்று நாசா நினைத்திருந்தது. ஆனால் சூரியச் செயல்பாடு எதிர்பார்த்ததைவிட அதிகமானது. வளிமண்டலம் உப்பியது. விண்வெளி ஓடம் தயாராவதற்கு முன்பே, 1979 ஜூலை 11 அன்று ஸ்கைலாப் விழுந்தது. அதன் துண்டுகள் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் சிதறின. 'எங்கே விழுமோ' என்ற பீதி அப்போது இந்தியக் கிராமங்கள் வரை பரவியது.

1989 மார்ச்சில் வந்த காந்தப் புயல், கனடாவின் கியூபெக் மாகாணத்தையே இருளில் மூழ்கடித்தது. அதே சமயம் விண்வெளியில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கா கண்காணித்துவந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்வெளிப் பொருட்கள், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. உப்பிய காற்று அவற்றின் பாதையை மாற்றியிருந்தது. மறுபடி தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இடம் சில நூறு மீட்டர் தப்பினால் என்ன ஆகிவிடும்? 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 ஆகிய இரு செயற்கைக்கோள்கள் மோதி நொறுங்கின. இரண்டும் சில நூறு மீட்டர் இடைவெளியில் கடந்துபோய்விடும் என்றுதான் பொதுவில் கிடைத்த ஒரு கணிப்பு சொல்லியிருந்தது. விண்வெளியில் சில நூறு மீட்டர் என்பது, மோதலுக்கும் தப்பித்தலுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்று பூமியைச் சுற்றி இயங்கும் செயற்கைக்கோள்கள் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. 2023-ல் மட்டும் மோதலைத் தவிர்க்க இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களின் பாதையை 23 முறை மாற்ற வேண்டியிருந்தது.

அதான் ஜிபிஎஸ் இருக்கே?

இருக்கிறது. தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் பல செயற்கைக்கோள்கள், நம் மொபைல் போலவே ஜிபிஎஸ் ரிசீவர் வைத்துத்தான் தங்கள் இடத்தைத் தெரிந்துகொள்கின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருப்பதால், கீழே இருக்கும் செயற்கைக்கோள்களுக்கும் சிக்னல் கிடைக்கும்.

ஆனால் அந்த சிக்னல் மிக பலவீனமானது. அதை அமுக்குவதும் ஏமாற்றுவதும் கஷ்டமான வேலை இல்லை. 2024 ஏப்ரலில், ஜிபிஎஸ் இடையூறு காரணமாக ஃபின்ஏர் நிறுவனத்தின் இரண்டு விமானங்கள் எஸ்தோனியாவின் டார்ட்டு நகரில் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு அந்த ஊருக்கான சேவையையே அந்த நிறுவனம் நிறுத்திவைத்தது.

எதிரிதான் வேண்டும் என்பதில்லை, சூரியனே போதும். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த கடும் காந்தப் புயலின்போது அமெரிக்காவில் ஜிபிஎஸ் உதவியோடு ஓடும் டிராக்டர்கள் விதைப்பு நேரத்தில் தடுமாறின. அதே புயலில் மேல் வளிமண்டலமும் உப்பி, ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் தங்கள் உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டி வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. காற்று அதிகம் குழம்பும் அதே நேரத்தில்தான் ஜிபிஎஸ்ஸும் குழம்புகிறது. இடம் துல்லியமாகத் தெரிய வேண்டிய நேரத்தில், இடத்தைச் சொல்லும் கருவி தடுமாறுகிறது. அதனால்தான் ஜிபிஎஸ்ஸை நம்பாத ஒரு மாற்று வழி தேவைப்படுகிறது.

நட்சத்திரம் திசை சொல்லும், இடம் சொல்லுமா?

பெரும்பாலான செயற்கைக்கோள்களில் ஏற்கெனவே 'ஸ்டார் சென்சார்' என்ற கேமரா இருக்கிறது. வானத்தைப் படம் எடுத்து, நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, 'நான் இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறேன்' என்று அது சொல்லும்.

ஆனால் 'எங்கே இருக்கிறேன்' என்று சொல்லாது. ஏன்?

நட்சத்திரங்கள் அவ்வளவு தொலைவில் இருக்கின்றன. சென்னைக்கு மேலே இருந்து பார்த்தாலும், சிட்னிக்கு மேலே இருந்து பார்த்தாலும் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள கோணம் மாறாது. ஒரு ஆட்டோ வடக்கு பார்த்து நிற்கிறது என்று தெரியும், ஆனால் அது எந்தத் தெருவில் நிற்கிறது என்று தெரியாது. அதே கதைதான்.

இடம் தெரிய வேண்டுமானால் நட்சத்திரத்தோடு பூமியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மாலுமிகள் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்தது இதற்காகத்தான். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களிலும் ஒரு செக்ஸ்டன்ட் இருந்தது.

விண்வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரு தொல்லை உண்டு. பூமியின் விளிம்பு கத்தி வைத்து வெட்டியது போலத் தெரியாது. வளிமண்டலம் அதை மங்கலான பட்டையாகக் காட்டும். விளிம்பு எது என்பதில் 0.1 டிகிரி பிழை வந்தால்கூட, செயற்கைக்கோளின் இடம் சுமார் 12 கி.மீ. தள்ளிப்போகும்.

அப்போ என்ன செய்வது? 'விளிம்பை மங்கலாக்கும் அந்தக் காற்றையே அளவுகோலாக மாற்றினால் என்ன?' என்ற யோசனை பிறந்தது. அப்போலோவின் வழிகாட்டி கம்ப்யூட்டரை வடிவமைத்த அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகம், 1980-களில் இந்த யோசனையை விரிவாக ஆராய்ந்தது.

காற்று ஒளியை வளைப்பது எப்படி?

கன்னியாகுமரியிலோ மெரினாவிலோ சூரிய உதயம் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு மேலே சூரியன் முழு வட்டமாக எட்டிப் பார்க்கும் அந்த நொடியில், உண்மையான சூரியன் இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கும். வளிமண்டலம் ஒளியை வளைத்துக் கொண்டுவருவதால், சூரியனை சுமார் 2 நிமிடம் முன்கூட்டியே பார்க்கிறோம். இதன் பெயர் ஒளிவிலகல். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்த ஸ்பூன் உடைந்தது போலத் தெரிவதும் இதனால்தான்.

இப்போது செயற்கைக்கோளுக்குப் போவோம். அதன் கண்ணுக்கு ஒரு நட்சத்திரம் பூமியின் விளிம்புக்குப் பின்னால் மறையப் போகிறது. மறைவதற்கு முன் அதன் ஒளி வளிமண்டலத்தைச் சீவிக்கொண்டு வருகிறது. தரையிலிருந்து 25 கி.மீ. உயரத்தில் ஒளி கடந்து வந்தால், அது சுமார் 150 விகலை வளையும்.

விகலை என்றால்? ஒரு டிகிரியை 3,600 துண்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு விகலை. 150 விகலை என்பது, வானத்தில் தெரியும் முழு நிலாவின் அகலத்தில் 12-ல் ஒரு பங்கு. கண்ணுக்குச் சின்னது. நல்ல ஸ்டார் சென்சாருக்கு இது தாராளம்.

ஒளி எவ்வளவு கீழே வருகிறதோ, அவ்வளவு அடர்த்தியான காற்றைக் கடக்கும். அவ்வளவு அதிகமாக வளையும். மேலே போனால் வளைவு வேகமாகக் குறையும். 50 கி.மீ. உயரத்தில் சில விகலைதான் மிஞ்சும்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு

சிம்பிளாகச் சொன்னால், வேலை இப்படி நடக்கும்:

1. செயற்கைக்கோள் இரண்டு நட்சத்திரங்களைப் பார்க்கும். ஒன்று வளிமண்டலத்துக்கு மேலே தெளிவாக இருப்பது. இன்னொன்று பூமியின் விளிம்பை ஒட்டி இருப்பது.

2. இரண்டுக்கும் இடையே இருக்க வேண்டிய உண்மையான கோணம் பட்டியலில் இருக்கும். ஐரோப்பாவின் ஹிப்பார்க்கோஸ் விண்கலம் 1,18,218 நட்சத்திரங்களின் இடத்தைத் துல்லியமாகக் குறித்துவைத்திருக்கிறது. அடுத்து வந்த கையா விண்கலம் சுமார் 180 கோடி நட்சத்திரங்களைக் குறித்தது.

3. அளந்த கோணத்துக்கும் பட்டியலில் உள்ள கோணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவு.

4. அந்த வளைவிலிருந்து, ஒளி எந்த உயரத்தில் பூமியை உரசிக்கொண்டு வந்தது என்று கணக்கிடலாம்.

5. உயரம் தெரிந்தால், அந்த நட்சத்திரத்தின் திசையோடு சேர்த்து, பூமியின் மையம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது பற்றி ஒரு துப்பு கிடைக்கும்.

ஒரு நட்சத்திரம் ஒரு துப்புதான் தரும். வெவ்வேறு திசைகளில் பல நட்சத்திரங்களை அடுத்தடுத்து அளந்து, சுற்றுப்பாதைக் கணக்கோடு இணைத்தால் இடம் தெரிந்துவிடும். ஆய்வாளர்களின் கணினிக் கணக்குகளில் பிழை நூறு மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. விளிம்பை மட்டும் பார்த்தால் வரும் 12 கி.மீ. பிழையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அதுவும் தரைக் கட்டுப்பாட்டு நிலையம், ஜிபிஎஸ் இரண்டையும் கேட்காமலே.

இங்கேதான் சிக்கல்

நான்காவது படியைத் திரும்பப் பாருங்கள். 'வளைவிலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம்'. எப்படி? எந்த உயரத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால்தானே அது முடியும்!

வளைவு நேரடியாகச் சொல்வது காற்றின் அடர்த்தியை. அதை உயரமாக மாற்ற ஒரு வளிமண்டல மாதிரி வேண்டும். மாதிரி தப்பானால் உயரம் தப்பும். உயரம் தப்பினால் இடம் தப்பும்.

எவ்வளவு தப்பும்? 25 கி.மீ. உயரத்தில், ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் காற்றின் அடர்த்தி 14 முதல் 15 சதவீதம் குறையும். அந்த விகிதத்தில், அடர்த்திக் கணக்கில் ஒரே ஒரு சதவீதப் பிழை வந்தால் உயரத்தில் சுமார் 65 முதல் 70 மீட்டர் பிழை வரும். 5 சதவீதம் தப்பினால் 300 மீட்டருக்கு மேல் போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்த்தால் கேமரா தரும் பிழை ரொம்பச் சின்னது. 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து, அது பார்க்கும் பூமி விளிம்பு சுமார் 2,500 கி.மீ. தூரத்தில் இருக்கும். அந்தத் தூரத்தில் ஒரு விகலை என்பது வெறும் 12 மீட்டர். அதாவது, இந்த முறையின் துல்லியத்தை முடிவு செய்வது கேமரா இல்லை, நட்சத்திரமும் இல்லை. காற்றைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான்.

காற்றும் சும்மா இருப்பதில்லை. துருவங்களுக்கு மேலே குளிர்காலத்தில் சில நேரம் 'திடீர் ஸ்ட்ராட்டோஸ்பியர் வெப்பமடைதல்' என்ற நிகழ்வு வரும். சில நாட்களுக்குள் அங்கே வெப்பநிலை 50 டிகிரி வரைகூட ஏறும். 2021 ஜனவரியில் ஆர்க்டிக் பகுதிக்கு மேலே இப்படி ஒன்று நடந்தது. அந்தச் சமயத்தில் 'வழக்கமான ஜனவரி' என்று எழுதிவைத்த மாதிரியை நம்பிக் கணக்குப் போட்டால், செயற்கைக்கோள் தன்னைத் தப்பான இடத்தில் நிறுத்திக்கொள்ளும்.

கணக்கைத் தலைகீழாகப் போட்டால்?

பள்ளிக்கூட இயற்கணிதம்தான் இது. ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாத எண்கள்: ஒன்று செயற்கைக்கோளின் இடம், இன்னொன்று காற்றின் அடர்த்தி. ஒன்று தெரிந்தால் மற்றது கிடைக்கும்.

காற்று தெரிந்தால் இடம் கிடைக்கும். இடம் தெரிந்தால்? காற்று கிடைக்கும்.

ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்யும் நாட்களில் செயற்கைக்கோளின் இடம் நமக்கு நன்றாகவே தெரியும். அப்போது நட்சத்திரம் வளைவதை அளந்தால், அந்த உயரத்தில் காற்று எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்த அளவுகளைச் சேர்த்துச் சேர்த்து மாதிரியைத் திருத்தி வைத்தால், ஜிபிஎஸ் போகும் நாளில் அதே மாதிரி கைகொடுக்கும்.

இது வெறும் பேச்சு இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2002-ல் ஏவிய என்விசாட் செயற்கைக்கோளில் 'கோமோஸ்' என்ற கருவி இருந்தது. நட்சத்திரங்கள் பூமியின் விளிம்பில் மறைவதைப் பார்த்து ஓசோனை அளப்பதுதான் அதன் முக்கிய வேலை. நீல ஒளி சிவப்பு ஒளியைவிடக் கொஞ்சம் அதிகமாக வளையும். எனவே இரண்டு நிறங்களிலும் நட்சத்திரத்தின் மினுக்கல் ஒரே நொடியில் வந்து சேராது. இந்தச் சின்ன நேர வித்தியாசத்தை அளந்தே, உயரத்துக்கு ஏற்ப வெப்பநிலையும் அடர்த்தியும் மாறுவதை கோமோஸ் பதிவு செய்தது. 2012 ஏப்ரலில் என்விசாட்டின் தொடர்பு துண்டிக்கப்படும் வரை, பத்தாண்டுகள் இந்த வேலை நடந்தது.

ஸ்டார்லிங்கை வீழ்த்திய காற்றை இப்படி அளக்க முடியுமா?

நேரடியாக முடியாது. 50 கி.மீ.க்கு மேலே காற்று மெலிந்துவிடும், ஒளி வளைவது தெரியாது. 200 கி.மீ. உயரத்துக் காற்றை வளைவால் அளக்க வாய்ப்பில்லை.

ஆனால் நட்சத்திர ஒளிக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களும் இருக்கின்றன. அவற்றின் ஒரு பகுதியை ஆக்சிஜன் அப்படியே விழுங்கிவிடும். நட்சத்திரம் மறையும்போது அதன் புறஊதா ஒளி எந்த உயரத்தில், எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், அங்கே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரியும். ஒளி வளையாவிட்டாலும் மங்கும். அந்த மங்கலே அளவு.

2018 ஜனவரியில் எஸ்இஎஸ்-14 என்ற தகவல் தொடர்பு செயற்கைக்கோளோடு சேர்ந்து மேலே போன நாசாவின் 'கோல்ட்' கருவி இதைத்தான் செய்தது. அட்லாண்டிக் கடலுக்கு மேலே புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருந்தபடி, சுமார் 130 முதல் 200 கி.மீ. வரையிலான ஆக்சிஜனை நட்சத்திரங்கள் மறையும்போது அளந்தது.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள் ஜப்பானிய விஞ்ஞானிகள். கி.பி. 1054-ல் வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சமான நண்டு நெபுலா, எக்ஸ் கதிர்களை வாரி இறைக்கிறது. விண்வெளித் தொலைநோக்கிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது பூமிக்குப் பின்னால் மறையும் தருணங்களை, சுமார் 28 ஆண்டு தரவுகளிலிருந்து எடுத்து ஆராய்ந்தார்கள். 2023-ல் வெளியான முடிவு: அங்கே காற்றின் அடர்த்தி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது.

ஏன் குறைகிறது? தரைக்கு அருகே பூமியைச் சூடாக்கும் அதே கார்பன் டை ஆக்சைடு, மேலே வெப்பத்தை விண்வெளிக்கு வீசிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று சுருங்குகிறது. அதனால் செயற்கைக்கோள் உலவும் உயரத்தில் காற்று குறைகிறது.

பிரேக் குறைவது நல்லதுதானே? இயங்கும் செயற்கைக்கோளுக்கு நல்லது. ஆனால் உடைந்த துண்டுகளுக்கும் அதே சலுகை கிடைக்கும். விண்வெளிக் குப்பையை விழவைத்து எரிப்பது இந்தக் காற்றுதான். அது மெலிந்தால் குப்பை இன்னும் பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். கார்பன் உமிழ்வு இப்படியே உயர்ந்தால், தாழ்வான சுற்றுப்பாதையில் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை 2100-க்குள் 50 முதல் 66 சதவீதம் வரை குறையலாம் என்று 'நேச்சர் சஸ்டைனபிலிட்டி' இதழில் 2025-ல் வந்த ஆய்வு எச்சரித்தது.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு?

நட்சத்திரம் மறைவதை வைத்து வளிமண்டலத்தை அளக்கும் முறைக்குத் தமிழ்நாட்டோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. யுரேனஸின் வளிமண்டலத்தை அறிய இது நல்ல வாய்ப்பு. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த நாசாவின் விமானத் தொலைநோக்கியும், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அதைக் கவனித்தன.

கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் மங்கி மங்கி வந்தது. முதலில் புதிய நிலா ஒன்று குறுக்கே வந்திருக்கலாம் என்றும் எண்ணப்பட்டது. பிறகுதான் தெரிந்தது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன! காற்றை அளக்கப் போன இடத்தில் கிடைத்தது வளையம்.

காவலூரை நடத்திவருவது இந்திய வானியற்பியல் நிறுவனம். அதே நிறுவனம், கல்லூரி மாணவர்கள் பிராஜெக்ட்டுக்கு வாங்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரை வைத்து, குறைந்த செலவில் 'ஸ்டார்பெர்ரி சென்ஸ்' என்ற ஸ்டார் சென்சாரை உருவாக்கியது. 2023 ஏப்ரல் 22 அன்று பிஎஸ்எல்வி-சி55 ராக்கெட்டில் அது விண்வெளிக்குப் போனது. இது திசை சொல்லும் கருவிதான், காற்றை அளப்பது அதன் வேலை இல்லை. ஆனால் ஸ்டார் சென்சார் விலை குறையக் குறைய, அதிக செயற்கைக்கோள்களில் அதைப் பொருத்தலாம். அதிகக் கண்கள் இருந்தால்தான் நட்சத்திரம் வளைவதை அடிக்கடி, பல இடங்களில் அளக்க முடியும்.

குறைகள் இல்லையா?

இருக்கின்றன.

பூமியின் விளிம்பை ஒட்டிப் போதுமான வெளிச்சம் உள்ள நட்சத்திரம் எப்போதும் கிடைக்காது. பகல் பக்கத்தில் விளிம்பே கண் கூசும் அளவுக்கு ஒளிரும், அங்கே நட்சத்திரத்தைப் பிடிப்பது கடினம். காற்றின் கொந்தளிப்பால் நட்சத்திரம் மினுக்குவதும் அளவைக் குழப்பும். 20 கி.மீ.க்குக் கீழே போனால் மேகமும் தூசியும் குறுக்கிடும்.

மிக முக்கியமாக, ஜிபிஎஸ் தரும் மீட்டர் கணக்கிலான துல்லியத்துக்கு இது ஈடாகாது. இது ஜிபிஎஸ்ஸுக்கு மாற்று என்பதைவிட, ஜிபிஎஸ் இல்லாத நேரத்துக்கான ஸ்டெப்னி என்று சொல்வதே சரி. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்து வைத்தால்தான் நடுவழியில் உதவும். இங்கேயும் அதே 'காற்று' கணக்குதான்.

அதேபோல, 25 கி.மீ. உயரத்தில் அளந்த அடர்த்தியை வைத்து 400 கி.மீ. உயரத்தில் பிரேக் எவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் வேறு வேறு அடுக்குகள். கீழடுக்குக்கு வளைவு, நடு அடுக்குக்கு மங்கல், அதற்கும் மேலே செயற்கைக்கோள்களே எவ்வளவு வேகமாக இறங்குகின்றன என்ற கணக்கு. மூன்றையும் சேர்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

நமக்கு என்ன?

புயல் எங்கே கரையைக் கடக்கும், எந்த வயலில் ஈரம் குறைவு, நடுக்கடலில் படகு எங்கே நிற்கிறது என்று தினமும் நாம் கேட்கும் பல கேள்விகளுக்குப் பதில் மேலிருந்துதான் வருகிறது. அந்தப் பதில் சரியாக இருக்க, செயற்கைக்கோளுக்கு முதலில் தன் இடம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏவிவிட்டால் வேலை முடிந்தது என்ற காலம் போய்விட்டது. நெரிசலான சுற்றுப்பாதையில், தன்னைச் சுற்றி எவ்வளவு காற்று இருக்கிறது என்பதும் செயற்கைக்கோளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதை அளக்க ஆயிரக்கணக்கான விளக்குகள் வானத்தில் ஏற்கெனவே எரிகின்றன. அவற்றை யாராலும் ஜாம் செய்ய முடியாது, சந்தாவும் கட்ட வேண்டியதில்லை. அந்த ஒளி கடந்து வரும் காற்றைத் தொடர்ந்து அளந்து வைப்பதுதான் நாடுகள் செய்ய வேண்டிய வேலை. ஜிபிஎஸ் ஒழுங்காக இயங்கும் இப்போதே அதைச் செய்துவைத்தால்தான், அது இயங்காத நாளில் நட்சத்திரம் காட்டும் வழியை நம்பிப் போக முடியும்.